இறுதியாண்டும் வினைப்பயனும்

சர்வகலாசாலைப் படிப்பின் கடைசி ஆண்டில் அடியெடுத்து வைக்கும் மாணவனுக்கு, அதுவரையில் நூல்களில் மட்டுமே கண்டிருக்கக்கூடிய ஒரு பழைய தத்துவக் கேள்வி, தன் சொந்த வாழ்க்கையின் கேள்வியாகவே வந்து எதிரே நிற்கிறது. பயனில் பற்று வைக்காமல் கருமத்தைச் செய்ய வேண்டும் என்று கீதை உபதேசிக்கிறது. ஆனால் அந்த ஓராண்டு முழுவதும் பயனைச் சுற்றியே அமைந்திருக்கிறது. ஆண்டின் தொடக்கத்திலேயே கம்பெனிகள் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரத் தொடங்குகின்றன; நவம்பர் முதல் நுழைவுத் தேர்வுகள், பிப்ரவரியில் கேட் பரீட்சை, அதன்பின் ப்ராஜெக்ட் வைவா, அதையொட்டிக் கடைசி செமஸ்டர், நடுவே முந்தைய ஆண்டுகளிலிருந்து தொடர்ந்து வரும் அரியர்கள்; இவற்றுக்கெல்லாம் பின்னால், வங்கியில் வாங்கிய கல்விக் கடனும், அதற்குக் கையெழுத்திட்ட தந்தையின் முகமும். பெண்ணாக இருந்தால், பட்டம் வாங்கியதும் வரன் பார்க்க வேண்டும் என்று வீட்டில் எழும் பேச்சும் இத்துடன் சேர்ந்துகொள்கிறது. இந்நிலையில் உள்ள ஒருவரிடம் போய்ப் பயனை நினைக்க வேண்டாம் என்று சொல்வது நியாயமா? சொன்னாலும் அவரால் அதைக் கடைப்பிடிக்க இயலுமா? இதற்குத் தெளிவான விடை காணாத காரணத்தினாலேயே, திறமையும் உழைப்பும் உடைய எத்தனையோ இளைஞர்கள் அந்த ஓராண்டைப் பயத்திலும், அப்பயத்தை மறப்பதற்கான வீண்பொழுதிலும் கழித்துவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். ஆகவே இதனைச் சிறிது விரிவாக விசாரிப்பது பயனற்றதாகாது.

முதலில் ஒரு தவறான கருத்தை விலக்கிவிட வேண்டும். பயனில் பற்றின்மை என்பதைப் பயனைப் பற்றிய அசட்டை என்று கொள்வோர் உளர். மந்த புத்தியுடையவனும் ஒரு பிரயோஜனத்தைக் கருதாமல் எந்தக் காரியத்திலும் இறங்கமாட்டான் என்பது மீமாம்சகரின் கொள்கை. அதைக் கீதை மறுத்ததாக நான் காணவில்லை. அர்ச்சுனனுக்கு உபதேசம் செய்த கண்ணன், எதிரியின் பலத்தையும் தன் பலத்தையும் எடைபோட வேண்டாம் என்று எங்கும் சொன்னதில்லை. பயனைக் கருதுவதற்கு ஒரு காலம் உண்டு. கருமத்தில் கரைந்துபோவதற்கு வேறொரு காலம் உண்டு. முன்னதைச் சங்கற்ப காலம் என்றும் பின்னதை அனுஷ்டான காலம் என்றும் நம் வசதிக்காகப் பெயரிட்டுக்கொள்ளலாம். காஞ்சிபுரத்து நெசவாளி, பட்டுநூல் வாங்கப் போகும் நாளில் விலையையும் விற்பனையையும் நன்றாக எண்ணிப் பார்க்கிறார். தறியில் அமர்ந்தபின் அவர் கண் இழையை விட்டு விலையின்மேல் போகுமானால் சேலையில் பிசகு விழுந்துவிடும். இறுதியாண்டு மாணவனின் துன்பத்துக்கு மூலகாரணம், இவ்விரு காலங்களையும் அவன் ஒன்றோடொன்று கலந்துவிடுவதுதான். எண்ண வேண்டிய வேளையில் எண்ணாமல் இருந்தவன், செய்ய வேண்டிய வேளையில் எண்ணிக் கலங்குகிறான்; மேசைமேல் புத்தகம் விரிந்திருக்க, மனம் மட்டும் கிடைக்காமற் போகக்கூடிய ஒரு வேலையைச் சுற்றிச் சுற்றி வருகிறது.

இறுதியாண்டு என்பது கல்லூரி திறக்கும் நாளில் தொடங்குவதன்று, அதற்கு முந்தைய கோடை விடுமுறையிலேயே தொடங்கிவிடுகிறது என்பது என் துணிபு. அவ்விடுமுறையில் ஒரு முழுநாளை ஒதுக்கி, பயனைப் பற்றிய எண்ணங்கள் அனைத்தையும் ஒளிக்காமல் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட வேண்டும். அரியர் இருந்தால், எந்தெந்தப் பாடம், எந்த செமஸ்டரில் மீண்டும் எழுத இயலும் என்பது அதில் முதலில் வர வேண்டும். ஏனெனில் வேலைக்கான உத்தரவு கையில் வந்த பிறகும், தேறாத ஒரு பாடம் பட்டத்தையே தடுத்து நிறுத்திவிடும். அடுத்து, வேலைக்குப் போவதா, மேற்படிப்புக்குப் போவதா என்ற நிர்ணயம். கேட் பரீட்சையையும் மத்திய அரசின் குடிமைப் பணித் தேர்வையும் இறுதியாண்டில் இருப்பவர்களும் எழுதலாம் என்பதனால், எல்லாவற்றையும் ஒருசேர எழுதிப் பார்த்துவிடுவோம் என்ற ஆசை எழுவது இயற்கை. ஆனால் நான்கு பரீட்சைகளுக்கு விண்ணப்பித்தவன் நான்குக்கும் படித்தவனாக இருப்பது அரிதினும் அரிது. ஒன்றைப் பிரதானமாகவும் மற்றொன்றை அதற்குத் துணையாகவும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை மனமறிந்து கைவிடுவது, அம்மாணவன் செய்ய வேண்டிய முதல் தியாகம். இதற்குப் பின் ஆய்வேட்டின் பொருள். நண்பர்கள் எடுத்தார்கள், சுலபமாக முடியும் என்று சொன்னார்கள் என்பதற்காகத் தலைப்பைத் தேர்ந்தெடுக்காமல், கடந்த ஆண்டுகளில் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது தன் மனத்தில் தானாக எழுந்து, விடை கிடைக்காமல் தங்கிவிட்ட ஒரு சந்தேகத்தைத் தேடி எடுப்பானாகில், அந்த ஆண்டின் பாதிச் சுமை அப்பொழுதே இறங்கிவிடும். இந்த நிர்ணயங்களை ஒரு முறை செய்துவிட்டு, மாதத்துக்கு ஒருநாள் மட்டும் அவற்றைத் திரும்பப் பார்ப்பது என்று விரதம் பூண வேண்டும். எஞ்சிய நாட்கள் அனைத்தும் அனுஷ்டானத்துக்கு உரியவை.

அந்நாட்களில் செய்ய வேண்டியதைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. படித்ததை அன்றே குறித்துவைத்தல், எந்த நூலின் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்தே எழுதுதல், ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தைக் கடைசி மாதம்வரை ஒத்திப்போடாமல் முதற்பருவத்திலேயே எழுதித் திருத்துதல், இரவில் உறங்குதல் ஆகியவை எல்லோரும் அறிந்தவை. உறக்கத்தைச் சொல்லும்போது மட்டும் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல வேண்டும். ஏனெனில் உறக்கத்தைத் துறப்பதையே தவம் என்று நம் மாணவர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அளவுக்கு மீறி உண்பவனுக்கும் உண்ணாதவனுக்கும், அளவுக்கு மீறி உறங்குபவனுக்கும் உறங்காதவனுக்கும் யோகம் கைகூடாது என்று கூறும் கீதை, தவத்தின் பெயரால் உடலை வதைப்பவர்களைக் கண்டிக்கவும் செய்கிறது.

இனி விசாரணையின் கடினமான பகுதிக்கு வருவோம். இத்தனையும் செய்தபின் பயன் கிடைக்குமா? கீதையின் பதினெட்டாம் அத்தியாயம், எந்தக் காரியமும் நிறைவேறுவதற்கு ஐந்து காரணங்கள் கூட வேண்டும் என்று கணக்கிடுகிறது: இடமாக அமைந்த உடல், செய்பவன், கருவிகள், பலவகையான முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். அந்த ஐந்தாவது எது என்பதில் ஆசாரியர்கள் வேறுபடுகிறார்கள். சங்கரர், கண் முதலிய இந்திரியங்களுக்கு அநுக்கிரகம் செய்யும் ஆதித்தியன் முதலிய தேவதைகள் என்றார்; இராமாநுசர், உள்ளே நின்று நடத்தும் அந்தர்யாமியாகிய பரமாத்மா என்றார். எவ்வாறு கொண்டாலும், மாணவனின் வசத்தில் இல்லாத ஒன்று அவனுடைய காரியத்தில் பங்கு பெறுகிறது என்பது இருவருக்கும் சம்மதமே. 2020ஆம் ஆண்டில் இறுதியாண்டில் இருந்தவர்கள் இதனை நூல் படிக்காமலே அறிந்தார்கள். கொரோனா நோய்த்தொற்றினால் கல்லூரிகள் மூடப்பட்டு, ஏனைய ஆண்டுகளின் மாணவர்கள் பல இடங்களில் பரீட்சை எழுதாமலே அடுத்த வகுப்புக்குச் சென்றபோது, இறுதியாண்டுக்கு மட்டும் தேர்வு நடத்தியே ஆக வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு விதித்தது. ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நான்கு ஆண்டுகள் ஒழுங்காகப் படித்த மாணவன், வேலைக்குச் சேரும் நாள் எதுவென்று அறியாமல், பட்டம் எப்போது வருமென்றும் அறியாமல் வீட்டில் அமர்ந்திருந்தான். அவனுடைய முயற்சியில் என்ன குறை கண்டுபிடிக்க முடியும்?

ஊழுக்கும் முயற்சிக்கும் உள்ள இந்தப் பிணக்கை வள்ளுவர் மறைக்காமல் வெளிப்படையாகவே வைத்திருக்கிறார். அறத்துப்பாலின் முடிவில் ஊழ் என்னும் அதிகாரத்தை வைத்து, அதனினும் வலியது யாதுமில்லை என்னும்படி பேசியவர், பொருட்பாலில் ஆள்வினையுடைமையைக் கூற வந்தபோது, தளர்ச்சியற்ற முயற்சி அந்த ஊழையும் பின்தள்ளும் என்கிறார். இது முன்னுக்குப் பின் முரண் என்று சிலர் சொல்வர். நான் அப்படி எண்ணவில்லை. தெய்வம் உடன்படாத இடத்திலும் உடல் வருந்தி உழைத்ததற்கு உரிய கூலி உண்டு என்று அவர் அதே அதிகாரத்தில் சொல்வதை ஊன்றிப் பார்த்தால், வினையின் பயன் இருவகைப்பட்டது என்பது விளங்கும். ஒன்று புறத்தே வருவது: மதிப்பெண், வேலை, சம்பளம், ஊரார் சொல்லும் நல்ல வார்த்தை. இதற்கு ஐந்து காரணங்களும் கூட வேண்டும். ஐந்தாவது கூடாவிட்டால் இது வராமலும் போகலாம். மற்றொன்று அகத்தே விளைவது: ஒரு கடினமான பொருளைப் பல மாதங்கள் விடாமல் பற்றி நின்று, அதை ஒழுங்குபட எழுதி முடித்த ஒருவனுடைய புத்தியில் ஏற்படும் தெளிவும் உறுதியும். இதற்கு முயற்சி ஒன்றே போதும். இதை எந்தப் பரீட்சகரும் குறைக்க இயலாது, எந்தக் கம்பெனியும் திரும்பப் பெற இயலாது. கீதை விடச் சொல்வது முதற்பயனைப் பற்றிய பதற்றத்தையே. இரண்டாவது பயனோ, விட நினைத்தாலும் செய்தவனை விட்டு நீங்குவதில்லை.

இக்கருத்துக்கு நம் சென்னையிலேயே நடந்த ஒரு சான்று உண்டு. திருத்தணியைச் சேர்ந்த இராதாகிருஷ்ணன் என்னும் இளைஞர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் எம்.ஏ. பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். அக்கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை. ஜார்ஜ் டவுனில், ஐகோர்ட்டுக்கு அண்மையில் இருந்தது. அவர் தத்துவ சாஸ்திரத்தை எடுத்ததே தற்செயல்தான். வறிய குடும்பமாகையால் புத்தகம் வாங்க வசதியின்றி, உறவினர் ஒருவர் படித்து முடித்துக் கொடுத்த நூல்கள் தத்துவ நூல்களாக இருந்தமையால் அந்தப் பாடத்தில் சேர்ந்தார் என்பது அவர் வாழ்க்கையில் பலரும் அறிந்த செய்தி. அக்கல்லூரியின் ஆசிரியர்களில் பலர் கிறிஸ்தவ மிஷனரிமார். வேதாந்தத்தில் ஒழுக்க நெறிக்கு இடமில்லை, எல்லாம் ஒன்றே என்றால் பிறனுக்குச் செய்ய வேண்டிய கடமை எங்கிருந்து வரும், உலகம் மாயை என்றால் அதில் நன்மை தீமை எதற்கு என்னும் ஆட்சேபத்தை அவர் அங்கே அடிக்கடி கேட்டார். அது அவருடைய மனத்தைப் புண்படுத்தியது. அந்தப் புண்ணையே அவர் தம் இறுதியாண்டு ஆய்வேட்டின் பொருளாக்கிக்கொண்டார்; வேதாந்தத்தின் ஒழுக்கவியலும் அதற்கு ஆதாரமான தத்துவமும் என்பது அதன் தலைப்பு. 1908ஆம் ஆண்டில் அது நூலாகவும் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது இருபது.

இங்கே கவனிக்க வேண்டியது அந்த மாணவர் நின்றிருந்த இடம். அவருடைய ஆசிரியர் ஏ. ஜி. ஹாக், கரும சித்தாந்தத்தைக் கிறிஸ்தவ நோக்கில் ஆராய்ந்து எழுதிக்கொண்டிருந்த பேரறிஞர். அவருடைய நூல் மறு ஆண்டே, 1909இல் வெளிவந்தது. அப்படிப்பட்டவரின் முன்னிலையில், அவர் சமயத்தாரின் ஆட்சேபத்தை மறுத்து ஓர் ஆய்வேட்டை வைப்பது, பட்டத்தையும் அதன்பின் வரக்கூடிய உத்தியோகத்தையும் கருதுகிறவனுக்குச் சுலபமான காரியமன்று. இராதாகிருஷ்ணனுக்கும் அந்த அச்சம் இருந்தது. அச்சம் இருந்தும் அவர் எழுதினார். ஹாக் அதைப் படித்துக் கோபிக்கவில்லை; தத்துவப் பிரச்சினையின் பிரதான அம்சங்களை அம்மாணவர் நன்கு கிரகித்திருப்பதையும், சிக்கலான வாதத்தைக் கையாளும் திறனையும் பாராட்டி நற்சான்று வழங்கினார். மறு ஆண்டு அந்த இளைஞர் மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். ஹாக் வேறுவிதமானவராக இருந்திருந்தால் புறப்பயன் வேறுவிதமாகப் போயிருக்கலாம். ஆனால் அந்த ஓராண்டு உழைப்பினால் இராதாகிருஷ்ணனின் உள்ளத்தில் விளைந்தது அப்போதும் விளைந்தே இருக்கும். அவர் பிற்காலத்தில் எழுதிய நூல்களில் பலவும், அந்த இறுதியாண்டுக் கேள்விக்கு அவர் மேலும் மேலும் சொல்லிக்கொண்டு வந்த விடைகளே என்று எனக்குத் தோன்றுகிறது. 1948இல் அமைந்த சர்வகலாசாலைக் கல்விக் குழுவுக்கு அவர் தலைவரானபோது, அக்குழு எல்லாச் சீர்திருத்தங்களுக்கும் முன்னால் பரீட்சைச் சீர்திருத்தத்தை வைத்ததில் வியப்பில்லை.

இதை எண்ணும்போதுதான், இன்று நம் நகரங்களில் இறுதியாண்டு ப்ராஜெக்டுகளை விலைக்கு விற்கும் கடைகள் நடப்பதைக் கண்டு மனம் வேதனைப்படுகிறது. தலைப்பு, நிரல், அறிக்கை, வைவாவில் சொல்ல வேண்டிய விடை எல்லாம் ஒரே விலைக்குள் அடங்கிவிடுகின்றன. இதைப் பொய் என்றும் திருட்டு என்றும் சொல்லிக் கண்டிக்கலாம், கண்டிக்கவும் வேண்டும். ஆனால் அதனினும் பெரிய நஷ்டம் ஒன்று இதில் இருக்கிறது. நிச்சயமில்லாத புறப்பயனை வாங்குவதற்காக, தனக்கு முற்றிலும் நிச்சயமாக இருந்த ஒரே பயனை அம்மாணவன் விற்றுவிடுகிறான். நான்கு ஆண்டுக் கல்வியில் அவன் தானே கேள்வி கேட்டுத் தானே விடை தேடும் சந்தர்ப்பம் அந்த ஒன்றுதான்; மற்றவையெல்லாம் பிறர் கேட்ட கேள்விகளுக்குப் பிறர் சொன்ன விடைகள்.

தோல்வியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கணிதமேதை இராமானுஜன் கும்பகோணத்திலும் பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் படித்து எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை என்பதை எடுத்துக்காட்டி, பரீட்சையை இகழ்ந்து பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது. கணிதத்தில் மூழ்கி ஏனைய பாடங்களை அவர் கைவிட்டது மெய். 1913இல், அந்தப் பரீட்சையை நடத்திய அதே சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்ததும், 1918இல் அவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானதும் மெய். ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் பட்ட வறுமையும் அலைச்சலும் மெய்யல்லவா? அந்தத் துன்பத்தை வேறு பிள்ளைகளுக்கு வழியாகக் காட்ட என் மனம் ஒப்பவில்லை. மாறாக, மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியல் அறிஞர் சந்திரசேகர், 1928இல் சென்னைக்கு வந்த ஜெர்மானிய விஞ்ஞானி சோமர்ஃபெல்டைச் சந்தித்துப் புதிய பௌதிகத்தின் வாசலைக் கண்டு, மாணவராக இருக்கும்போதே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி வெளியிட்டார். 1930இல் ஆனர்ஸ் பட்டமும் பெற்று அவ்வாண்டு ஜூலை மாதத்தின் கடைசி நாளில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். உள்ளத்தின் ஈடுபாட்டையும் பரீட்சையின் கடமையையும் ஒருவரே நிறைவேற்ற இயலும் என்பதற்கு அவர் சாட்சி. இராமானுஜனிடமிருந்து தேறாத மாணவன் எடுத்துக்கொள்ள வேண்டிய ஆறுதல் வேறு: பரீட்சை அளப்பது ஒரு காலத்தில் ஒரு பாடத்தில் ஒருவன் எழுதிய விடையை மட்டுமே. அவனை அளக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. தோற்ற பிள்ளையிடம் இதை முதலில் சொல்ல வேண்டியவர்கள் பெற்றோர். பரீட்சை முடிவு வரும் நாளில் அல்ல, அதற்குப் பல மாதங்கள் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

வைணவ ஆசாரியர்கள் சாத்விக தியாகம் என்று ஒன்றைச் சொல்வார்கள். இராமாநுசர் கீதைக்கு உரை செய்தபோது, பயனை விடுவது மட்டும் போதாது, நான் செய்கிறேன் என்னும் கர்த்திருத்துவத்தையும், இது என்னுடையது என்னும் மமதையையும் சேர்த்தே விட வேண்டும் என்றார். இறுதியாண்டு மாணவனுக்கு இது தன் நிலையை உள்ளபடி காட்டும் உண்மை. அவனுடைய படிப்பில் அவன் மட்டுமா உழைத்தான்? ஆய்வகத்தில் கருவியைத் துடைத்து வைத்த உதவியாளர், கேட்ட நூலை அலமாரியிலிருந்து தேடி எடுத்துத் தந்த நூலகர், விடுதியில் விடியுமுன் அடுப்பு மூட்டிய சமையற்காரர், தன் குறிப்பேட்டைத் தயங்காமல் கொடுத்த தோழன், ஓவர்டைம் பார்த்துக் கட்டணம் அனுப்பிய தந்தை, நகையை அடகு வைத்த தாய். இத்தனை பேரின் கர்த்திருத்துவமும் அதில் கலந்திருக்கிறது. இதை உணர்ந்தவனுக்கு வெற்றியில் செருக்கு எழாது. தோல்வியிலும், எல்லாப் பாரமும் தன் ஒருவன் தலைமேலேயே விழுந்துவிட்டதாகத் தோன்றாது. தனிமையே அந்த ஆண்டின் பெருந்துன்பமாகையால், இவ்வுணர்ச்சி அதற்கு மெய்யான மருந்தாகிறது.

தைத்திரீய உபநிஷத்தின் சீக்ஷாவல்லியில், வேதம் ஓதி முடித்து வீடு திரும்பும் சீடனுக்கு ஆசாரியர் கூறும் உபதேசம் ஒன்று இருக்கிறது. உண்மை, தருமம், தாய் தந்தையரையும் விருந்தினரையும் போற்றுதல் ஆகியவற்றைச் சொல்லும் அவர், கல்வி முடிகின்ற அந்த நாளிலேயே, கற்பதையும் கற்பிப்பதையும் கைவிடலாகாது என்கிறார். அதனினும் என் உள்ளத்தைத் தொட்டது வேறொன்று. தம்மிடத்தில் காணப்படும் நல்ல செயல்களை மட்டும் பின்பற்று, மற்றவற்றை விட்டுவிடு என்று அந்த ஆசாரியர் தாமே சீடனுக்குச் சொல்கிறார். பல ஆண்டுகள் தம் காலடியில் இருந்தவனை அனுப்பும்போது, தம்மையும் ஆராய்ந்து தள்ள வேண்டியதைத் தள்ளும் உரிமையை அவனுக்கு அளித்து அனுப்புகிறார். ஹாக் இந்த உபநிஷத்தை நினைத்தாரோ இல்லையோ, 1908இல் அவர் செய்தது இதைத்தான்.

ஆகவே இறுதியாண்டு மாணவர்களுக்கு வழிகாட்டிகளாக அமைந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் மாணவர்களின் எண்ணிக்கை மிகுதி, உங்கள் அலுவல்களும் மிகுதி என்பதை அறிவேன். ஆயினும் வாரத்தில் அரைமணி நேரமாவது ஒவ்வொரு மாணவரையும் எதிரே உட்காரவைத்து, அவர் எழுதிய பக்கங்களை அவர் முன்னிலையிலேயே படியுங்கள். அதில் உங்கள் கொள்கைக்கு மாறான கருத்து இருந்தால், அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். அக்கருத்துக்கு ஆதாரம் என்ன என்று கேளுங்கள். கடையில் வாங்கிய ப்ராஜெக்ட் என்று தெரிந்தால் கையெழுத்திடாமல் திருப்பிக் கொடுத்து, அவரே எழுதுவதற்குப் போதிய அவகாசம் கொடுங்கள்.